மலைப் பாதைக்கும் ‘லைன் பிளாக்’ வேண்டும்

சில மாதங்களுக்கு முன் பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு வாக்குவாதமே இந்தக் கட்டுரைக்குக் காரணம். வாதிட்டவர்கள் இருவர். ஒருவன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், வயது இருபத்தெட்டு. மற்றவன் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தொன்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற நான்.

பையன் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போகப் போகிறானாம். இன்கா மன்னர்கள் காலத்து மலைப் பாதையில் நான்கு நாள் நடந்து மச்சு பிச்சு என்ற பழைய நகரத்தை அடைவது திட்டம். ஒரு கோப்பு நிறையக் காகிதம் வைத்திருந்தான். வாங்கிப் படித்தேன். ஒரு பெரிய பாலத்துக்கு கர்டர் மாற்றும் வேலைக்குக்கூட நாங்கள் இவ்வளவு திட்டம் போட்டதில்லை!

அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் இறங்க முடியாது. அந்த 500-இல் வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் சமையல்காரர்களும் அடக்கம். ஆகவே பயணிகளுக்குக் கிடைப்பது சுமார் 200 இடம்தான். அனுமதிச் சீட்டில் பாஸ்போர்ட் எண் இருக்கும், பெயர் மாற்ற முடியாது. மே முதல் ஆகஸ்டு வரை போக வேண்டுமானால் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தட்கல் கிடையாது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் நுழைய முடியாது. பிப்ரவரி மாதம் முழுவதும் பாதையை மூடிப் பழுது பார்க்கிறார்கள். அது அங்கே பெருமழைக் காலமும்கூட.

ரயில்வேக்காரனான எனக்குப் பிடித்த செய்தி ஒன்றும் அந்தக் கோப்பில் இருந்தது. அந்த நான்கு நாள் நடை தொடங்கும் இடத்துக்குப் பெயர் ‘82-ஆம் கிலோமீட்டர்’. குஸ்கோ நகரிலிருந்து செல்லும் மூன்றடி அகல ரயில் பாதையின் கிலோமீட்டர் கல்லை வைத்து வந்த பெயர். அங்கிருந்து சுமார் 43 கிலோமீட்டர் நடை. இரண்டாம் நாள் ஏறும் கணவாயின் உயரம் 4,215 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த உயரத்தில் மூச்சு முட்டும், தலை வலிக்கும். அதனால் ஏற்கெனவே 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஸ்கோவில் இரண்டு மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு பிறகு நடக்க வேண்டும்.

பையன் இதற்கெல்லாம் எட்டு மாதமாகத் தயார் செய்கிறான். காலையில் பொம்மனஹள்ளி மெட்ரோ நிலையப் படிகளில் பையைச் சுமந்துகொண்டு ஏறி இறங்குகிறான். காலணியை இப்போதே வாங்கி, கால் பழகட்டும் என்று கடைக்குக்கூட அதையே போட்டுக்கொண்டு போகிறான். காப்பீடு எடுத்துவிட்டான். பல்லைக்கூட மருத்துவரிடம் காட்டிவிட்டான்.

“சபாஷ்டா, எல்லாம் சரி. போன வருஷம் மலைக்குப் போனியே, அதுக்கு எத்தனை மாசம் திட்டம் போட்ட?” என்று கேட்டேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. “மாமா, அது வேற, இது வேற” என்றான்.

வாக்குவாதம் அங்கேதான் ஆரம்பித்தது. அது வேறு அல்ல என்பது என் கட்சி.

சென்ற ஆண்டு நடந்தது இது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவனுடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஒன்பது மணிக்கு சில்க் போர்டு சந்திப்பில் வேன் ஏறினான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சிகரமாம். எந்த மலை என்று அவன் அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அழைத்துப் போன குழுவிடம் வனத்துறை அனுமதி இல்லை என்பது அவனுக்கே அங்கே போய்த்தான் தெரிந்ததாம். சோதனைச் சாவடியைத் தவிர்த்து வேறு வழியாக ஏறியிருக்கிறார்கள். ஞாயிறு மாலை இறங்கும்போது இருட்டிவிட்டது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு பெண்ணுக்குக் கால் பிசகிவிட்டது. கைப்பேசிகள் உயிர் விட்டன. இரவு பதினொரு மணிக்கு அடிவாரத்துக் கிராமத்து முதியவர் ஒருவர் டார்ச் விளக்குடன் ஏறி வந்து இவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். அன்றிரவு என் தங்கை எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன். அந்த முதியவருக்கு எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்தது இருநூறு ரூபாய்.

வெளிநாட்டு மலைக்கு எட்டு மாதத் திட்டம், நம் ஊர் மலைக்கு மூன்று மணி நேரத் திட்டம். இது என்ன நியாயம்? நம் மலையில் கால் வழுக்காதா? நம் காட்டில் தீப்பிடிக்காதா?

தீப்பிடிக்கும். அது நடந்தது என் ஊரில். நான் பிறந்தது போடிநாயக்கனூர். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் புல் காய்ந்து காகிதம் போல் இருக்கும். காற்று வேறு. மலைச் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த மனிதக் காலும் ஈடு கொடுக்க முடியாது. முதலில் ஓடிப்போய்க் காப்பாற்றியவர்கள் சுற்றுவட்டாரத்து மக்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. சிகிச்சை பலனின்றி இறந்தவர்களையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலும் சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து இளம் வயதினர். அந்த வாரம் ஊரில் உள்ள என் அண்ணனுடன் தொலைபேசியில் பேசினேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “மார்ச்சுல யாருடா அந்தப் புல்லுக்குள்ள போவா?” மாடு மேய்ப்பவருக்குத் தெரிந்த விஷயம், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த 1976 கோடையில் நாங்கள் நான்கு பேர் வீட்டில் சொல்லாமல் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறினோம். ரப்பர் செருப்பு, ஒரு தூக்குவாளித் தண்ணீர், ஒரு பொட்டலம் பொரிகடலை. பாதி வழியில் தண்ணீர் தீர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தண்ணீர் கொடுத்து, திட்டி, இரவு தன் லயத்து வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்தார். மறுநாள் ஊர் திரும்பியதும் அப்பா விட்ட அறை இன்னும் நினைவிருக்கிறது. அன்று பிழைத்தது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல, அந்த அம்மாவின் தயவால்.

அந்தப் பாதை சாதாரணப் பாதை அல்ல. கேரளத்து ஏலமலைக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் பாட்டன் பாட்டிகள் சட்டி பானையுடன் ஏறிப்போன பாதைகளில் ஒன்று. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. இழுத்தவை காளைகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் போட்டார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 ஜூலை பெருவெள்ளம், மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று சொல்வது, அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அது திரும்பப் போடப்படவே இல்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. ஸ்டேஷன் இல்லாத ஸ்டேஷன்! மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் நிறுத்தி, 2022-இல் தேனி வரையும் 2023-இல் போடி வரையும் மறுபடி ஓடவிட்டார்கள். இங்கிருந்து மதுரை போய், அங்கிருந்து போடி வரை ரயிலிலேயே போய் இறங்க முடிகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இன்காக்களின் சாலை வலை முப்பதாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம் என்றும் 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்றும் பையன் பெருமையுடன் சொன்னான். நல்லதுதான். நமக்கும் பெருவழிகள் இருந்தன. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று உண்டு. நாவற்றாவளம் என்ற ஊர் 29 காதம் என்று எழுத்தில் வெட்டியதோடு, எழுத்தறியாத வழிப்போக்கரும் புரிந்துகொள்ளட்டும் என்று இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறு குழிகளும் தோண்டி வைத்திருக்கிறார்கள். பெரிய குழிக்குப் பத்து, சிறிய குழிக்கு ஒன்று. கிலோமீட்டர் கல் நட்டே வயதைக் கழித்த எனக்கு, அந்தக் கல்லைச் செதுக்கியவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. படிக்காதவனும் வழி தவறக் கூடாது என்று நினைத்தானே, அதுதான் திட்டமிடல்.

இப்போது என் தொழிலிலிருந்து ஒரு செய்தி சொல்கிறேன். ரயில்வேயில் தண்டவாளத்தைத் தொட்டு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் ‘லைன் பிளாக்’ வாங்க வேண்டும். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை இந்தப் பாதை உன்னுடையது, வேறு வண்டி வராது என்ற எழுத்துபூர்வமான அனுமதி அது. அது கைக்கு வராமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. வேலை முடிந்ததும் எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகே பாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தப் பொறியாளரும் இதை அவமானமாக நினைப்பதில்லை. இந்த விதிகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உயிர் போன பிறகு எழுதப்பட்டவை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி சொல்வார்.

சக்லேஷ்பூர் - சுப்ரமண்யா மலைப் பாதை அகலப் பாதையாகி, 2006-இல் சரக்கு வண்டிகள் ஓட ஆரம்பித்த பிறகு நான் அந்தப் பகுதியில் வேலை பார்த்தேன். ஐம்பதுக்கு ஒன்று ஏற்றம். சுரங்கங்கள் மட்டும் ஐம்பதுக்கு மேல். மீட்டர் கேஜை மூடி வேலை நடந்த ஆண்டுகளில் வண்டி ஓடவில்லை. அப்போது நடந்து பழகியவர்கள், வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் சனி ஞாயிறுகளில் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு ஞாயிறு டிராலியில் ஆய்வுக்குப் போனபோது ஒரு சுரங்கத்தின் ஒதுங்கு குழிக்குள் ஐந்து பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். சற்று முன்னர்தான் சரக்கு வண்டி போயிருந்தது. ஒரு பையனுக்கு வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. அந்தச் சுரங்கத்தில் ஒதுங்கு குழி எங்கே இருக்கிறது என்று தெரியாமலே ஓடி, தடவிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பத்து அடி தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. “வண்டி வராதுன்னு சொன்னாங்க சார்” என்றான் ஒருவன். யார் சொன்னது என்று கேட்டேன். அவனுக்கே தெரியவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். மலைப் பாதைக்கும் லைன் பிளாக் வேண்டும். எந்தப் பாதையில், எந்த நாளில், எத்தனை பேர், யாருடைய பொறுப்பில் என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் ஒருவரும் காலெடுத்து வைக்கக் கூடாது.

அரசாங்கங்கள் இந்தத் திசையில் நகரத்தான் செய்கின்றன. குரங்கணித் துயரம் நடந்த அதே 2018-இல் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தார்கள். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை முன்பதிவுடன் திறந்தார்கள். குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் பாதையும் அதில் உண்டு. மலைவாழ் மக்களில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நியமித்திருக்கிறார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். நம் கர்நாடகத்தில் 2024 ஜனவரி குடியரசு தின விடுமுறையில் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் மலை மேல் ஏறியது போல் இருந்தது. அதன் பிறகு இங்கேயும் இணையவழிப் பதிவும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் வந்தன.

இதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. மலை கடவுள் கொடுத்தது, அதில் நடக்க எதற்கு அனுமதி, எதற்குக் கட்டணம், பணக்காரன்தான் மலையேற வேண்டுமா என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மாணவர்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாதையிலேயே வாழ்கிறவர்களையும், பிழைப்புக்காக ஏறி இறங்குகிறவர்களையும் எந்தச் சீட்டும் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. ஆனால் பொழுதுபோக்காகப் போகும் நாம், நம்மைத் தேட வருகிறவர்களின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. டார்ச்சுடன் ஏறி வந்த அந்த முதியவரின் கால் வழுக்கியிருந்தால் அவர் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? பெருவில் சுமை தூக்குபவர் ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மலையேறுபவனின் சுகத்தை மட்டும் பார்க்காமல், மலையில் வாழ்பவனின் முதுகெலும்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதை என்பது ஒருமுறை போட்டுவிட்டு மறந்துபோகும் பொருள் அல்ல. ரயில் பாதையில் எங்கள் கீமேன் தினமும் காலையில் சுத்தியலோடு தன் எல்லை முழுவதும் நடந்து ஒவ்வொரு சாவியாகத் தட்டிப் பார்ப்பார். பெருவில் கேஸ்வாச்சாக்கா என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே புல்லைத் திரித்துக் கட்டிய தொங்கு பாலம் ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள கிராமத்தார் ஆண்டுதோறும் ஜூன் மாதம் கூடிப் பழையதை அறுத்துவிட்டுப் புதியதைக் கட்டுகிறார்கள். இன்கா காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. புல் பாலம் நூற்றாண்டுகளாக நிற்கிறது, அந்த ஊர்க்காரர்கள் இருப்பதால். நாம் கட்டும் கட்டணத்தின் ஒரு பகுதி பாதையைச் செப்பனிடவும் வழிகாட்டிக்குச் சம்பளமாகவும் போகிறது என்றால் அதைக் கொடுக்க முணுமுணுக்க வேண்டாம்.

பையனுடன் வாதாடி முடித்தபோது அவன் கேட்டான்: “சரி மாமா, நீங்க ஒரு திட்டம் போட்டுக் காட்டுங்க பார்ப்போம்.” போட்டேன். அதை இங்கே தருகிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, காலம். பிப்ரவரி பாதியிலிருந்து வெயில் மாதங்களில் புல்மேட்டுக்கும் இலையுதிர் காட்டுக்கும் போவதில்லை. கனமழை மாதங்களிலும் போவதில்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் நிலச்சரிவு 70 தோட்டத் தொழிலாளர் குடும்பத்தாரை விழுங்கியதை மறக்க வேண்டாம். பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம்.

இரண்டாவது, அனுமதி. சீட்டு கையில் வந்த பிறகே ரயில் பயணச்சீட்டு. கிடைக்காவிட்டால் வேறு தேதி, அல்லது வேறு மலை.

மூன்றாவது, ஆள் கணக்கு. போகிறவர்கள் பெயர், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி, எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்குவோம் என்ற விவரம் எழுதிய தாள் ஒன்று வீட்டுச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். காவல் நிலையத்துக்குப் போக வேண்டி வந்தால் அம்மா அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடலாம்.

நான்காவது, வேகம். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் நடக்க வேண்டும். சரக்கு வண்டிக்குப் பின்னால் எக்ஸ்பிரஸ் மெதுவாக வந்தால் குற்றமில்லை. கூட்டம் இரண்டாகப் பிரியக் கூடாது.

ஐந்தாவது, திரும்பும் நேரம். பகல் இத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். சிகரம் கால் மணி தூரத்தில் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். இதுதான் மிகக் கடினம். உயிரைக் காப்பாற்றுவதும் இதுதான்.

ஆறாவது, உள்ளூர் ஆள். அவர் “வேண்டாம்” என்றால் வேண்டாம்தான். அவருக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் கிடையாது.

பையன் படித்துப் பார்த்தான். கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, தன் கையால் இந்த ஆறையும் எழுதிக்கொண்டான். பிறகு, “பெருவுக்குப் போறதுக்கு முன்னாடி குரங்கணிக்குப் போய் வருவோமா மாமா? டிசம்பர்ல?” என்றான். எனக்கு வயது அறுபத்தாறு, இடது முழங்காலில் தேய்மானம். எலும்பு மருத்துவர் இன்னும் அனுமதி தரவில்லை. என் லைன் பிளாக் அவர் கையில் இருக்கிறது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கக் குடும்பங்களில் மலையேறப் போகும் பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. அடுத்த மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். அந்தத் தாளைப் பிரதி எடுத்து வருகிறேன். பெற்றோர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போய் வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளை பையைத் தூக்கும்போது, அதை நிரப்பிவிட்டுப் போகச் சொல்லுங்கள். நிரப்ப முடியவில்லை என்றால், அந்த வாரம் அவன் வீட்டிலேயே இருக்கட்டும்.